பானட்டைத் திறங்க, அண்ணாச்சி!

வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே பாட்டுத்தான். பழைய இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார். ஸ்லோ ஸ்பீடு (நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும் வேகம், ஐடிலிங்) நிற்கவில்லை, அல்லது மைலேஜ் விழுந்துவிட்டது. அதனால் இந்தப் பகுதி முழுக்க அதற்கே. எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். "வண்டி சரியில்லை, என்ன செய்ய?" என்று ஒற்றை வரி எழுதினால் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்? மாடல் வருஷம், கோளாறு ஆறின இன்ஜினிலா சூடான பிறகா, ஏசி போட்டால் மாறுகிறதா, இதுவரை என்னென்ன மாற்றினீர்கள், இவ்வளவும் வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறைக்காமல் எழுதுங்கள். பாதி வண்டியை மாற்றிவிட்டுத்தான் பலர் எனக்குக் கடிதமே போடுகிறார்கள்.

கேள்வி: அண்ணாச்சி, என்னுடையது 2002 சாண்ட்ரோ. காலையில் எடுக்கும்போது ஒழுங்காக இருக்கிறது. சூடு ஏறியதும், நின்ற இடத்திலேயே ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று) 1000-க்கும் 1800-க்கும் நடுவே ஏறுகிறது, இறங்குகிறது. யாரோ உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடுவது போல இருக்கிறது. ஐடில் மோட்டார், த்ராட்டில் சென்சார் இரண்டும் புதிதாகப் போட்டாயிற்று. இப்போது ஈசியூவை (இன்ஜின் கம்ப்யூட்டரை) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
(காய்கறி வியாபாரி, பாவூர்சத்திரம்)

பதில்: மாற்றாதீர்கள். உங்கள் ஈசியூ தன் வேலையை ஒழுங்காகச் செய்வதால்தான் முள் ஆடுகிறது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வண்டியை கியரிலேயே உருள விடும்போது இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் பெட்ரோல் தேவைப்படாது. அந்த நேரத்தில் ஈசியூ, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை நிறுத்திவிடும். சுற்று ஓரளவு குறைந்ததும் திரும்ப விடும். உங்கள் வண்டியில் த்ராட்டில், அதாவது காற்றை உள்ளே விடும் தகடு, மூடித்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தாண்டி எங்கேயோ ஓர் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகிறது. ஐடிலிங்குக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் மோட்டார் தன் வழியை முழுக்க மூடிப் பார்த்தும் சுற்று இறங்கவில்லை. ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, சுற்று மட்டும் கூடுதல் என்று கண்டதும் ஈசியூ பெட்ரோலை நிறுத்துகிறது. சுற்று விழுகிறது. திரும்ப விடுகிறது. ஏறுகிறது. அவ்வளவுதான் கதை. ஆறின இன்ஜினுக்கு எப்படியும் கூடுதல் காற்று வேண்டும், பெட்ரோலை நிறுத்தும் எல்லையும் அப்போது உயரத்தில் இருக்கும். அதனால்தான் காலையில் ஓட்டை தெரிவதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "காற்று கசிந்தால் இன்ஜின் நடுங்கி ஆஃப் ஆகும் என்று வீடியோவில் சொன்னார்களே" என்று கேட்பீர்கள். உள்ளே போகும் காற்றை வாசலிலேயே அளக்கும் வண்டிகளில் அது சரி. அளவுக்கு வராத காற்று பின்வழியாக நுழைந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து நடுங்கும். நம் ஊரில் ஓடும் பழைய சாண்ட்ரோ, ஜென், ஆல்டோ எல்லாம் பெரும்பாலும் மேப் சென்சார் வண்டிகள். மேனிஃபோல்டுக்கு (த்ராட்டிலைத் தாண்டி சிலிண்டருக்குக் காற்று போகும் குழாய்க்கு) உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் பார்த்து இவை பெட்ரோல் விடுகின்றன. ஓட்டை வழியாக வந்த காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடும், அதற்கும் பெட்ரோல் கிடைக்கும். ஆகவே சுற்று ஏறத்தான் செய்யும்.

சோதிக்கும் விதம்: இன்ஜின் சூடாகி ஃபேன் ஒரு தடவை ஓடி நிற்கட்டும். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்குள் சேரும் புகையை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸை துணி சுற்றிய இடுக்கியால் நெரித்துப் பிடித்துக்கொண்டு, த்ராட்டில் வாயை லாரி டியூப் துண்டு ஒன்றால் அடைத்துப் பாருங்கள். கையால் அடைக்க வேண்டாம், இழுப்பு பலமாக இருக்கும். நல்ல இன்ஜின் உடனே மூச்சடைத்து ஆஃப் ஆக வேண்டும். ஆகாமல் முக்கிக்கொண்டு ஓடினால் காற்று வேறு வழியில் வருகிறது என்று அர்த்தம். அப்புறம் மேனிஃபோல்டோடு சேரும் ஒவ்வொரு வாக்குவம் ஹோஸாக நெரித்துக்கொண்டே போங்கள். எதை நெரிக்கும்போது முள் ஆட்டம் நிற்கிறதோ அந்த வழிதான். பிரேக் பூஸ்டர் ஹோஸை விட்டுவிடாதீர்கள். பிரேக்கை மிதித்தால் சுற்று மாறுகிறது, பெடல் இறுக்கமாக இருக்கிறது என்றால் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும். எல்லா ஹோஸும் சரியென்றால் மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் அடியில் இருக்கும் ரப்பர் வளையங்கள். அங்கே சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் உண்டு, பலன் உடனே தெரியும். ஆனால் சைலன்சர் மேனிஃபோல்டு சூடாக இருக்கும்போது அதன் பக்கம் அடித்தால் பானட்டோடு எரியும்.

பாவூர்சத்திரம் என்பதால் இன்னொன்று கேட்கிறேன்: வண்டியை காய்கறி மூட்டைக்குப் பக்கத்திலா நிறுத்துகிறீர்கள்? ஆமாம் என்றால் முதல் சந்தேகம் எலி. வள்ளியூரிலிருந்து வந்த ஒரு ஜென்னில் பூஸ்டர் ஹோஸின் அடிப்பக்கம், மேலேயிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பல் பதிந்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த வண்டிக்கும் ஐடில் மோட்டார் புதிது போட்டிருந்தார்கள். கண்ணால் பார்ப்பது போதாது, ஹோஸை விரலால் முழுக்கத் தடவிப் பாருங்கள்.

கடைசியாக, த்ராட்டிலை நிறுத்தும் குட்டி ஸ்க்ரூவை யாராவது திருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். கம்பெனியில் வைத்த பெயின்ட் அடையாளம் கலைந்திருந்தால் திருகியிருக்கிறார்கள். ஸ்லோ ஸ்பீடு கூட்ட அதைத் திருகுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அது ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூ அல்ல. அதைத் தொட்டால் த்ராட்டில் மூடியிருக்கிறதா இல்லையா என்பதே ஈசியூவுக்குத் தெரியாமல் போகும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2003 ஜென் வைத்திருக்கிறேன். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 11-தான் கொடுக்கிறது. பிளக் எல்லாம் கரி. ரேஸ் பண்ணினால் கறுப்புப் புகை. இது எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலால் என்று மெக்கானிக் சொல்கிறார். அந்த பெட்ரோலைத் தவிர வேறு எந்த பங்கிலும் இல்லையே, என்ன செய்வது?
(கல்லிடைக்குறிச்சி)

பதில்: சார், நீங்கள் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். பார்ப்போம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் 6, 7 சதவீதம் குறையும். அப்படியானால் உங்கள் 16 என்பது 15-க்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 11-க்கு வந்திருக்கிறது. மீதியை எத்தனால் தலையில் கட்ட முடியாது.

அதைவிடப் பெரிய சாட்சி அந்தக் கறுப்புப் புகை. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதக் கலவைக்கு 13.5 வாக்கில் வரும். பழைய ஈசியூ 14.7 கணக்கிலேயே பெட்ரோல் விட்டால் கலவையில் காற்று கூடும், எரிபொருள் குறையும். அப்போது பிளக் வெளுக்கும், ஆறின இன்ஜின் எடுக்கத் திணறும், பிக்கப் விட்டு விட்டு வரும். உங்கள் பிளக்கோ கரி. கோளாறு எதிர்த்திசையில் போகிறது. பெட்ரோல் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கிறது.

யார் ஊற்றச் சொன்னது? என் ஊகம் சொல்கிறேன்: உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்காது. "திருநெல்வேலி வெயிலுக்கு இது எதுக்கு, இன்ஜின் சூடாகும்" என்று சொல்லி அதைக் கழற்றி எறிவது இந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு சடங்கு போலவே நடக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் ஏறும் வரை ரேடியேட்டர் பக்கம் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் தண்ணீர் ஆரம்பம் முதலே சுற்றிக்கொண்டிருக்கும். நான்கு வழிச் சாலையில் நாங்குநேரி பக்கம் காற்றில் ஓடும்போது இன்ஜின் சூடேறவே ஏறாது. வெப்ப சென்சார் "இன்னும் சூடாகவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதை நம்பி ஈசியூ காலையில் கொடுக்கிற மாதிரி கூடுதல் பெட்ரோலை நாள் முழுக்கக் கொடுக்கும். கார்புரேட்டர் அம்பாசடரில் இந்த வேலை செய்தபோது இவ்வளவு தூரம் அடிபடவில்லை. இங்கே மைலேஜிலேயே கைவைக்கிறது.

காலையில் ஸ்டார்ட் செய்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டு நில்லுங்கள். சில நிமிடம் ஆறியே இருந்து, பிறகு திடீரென்று சுட வேண்டும். முதலிலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. விலை அதிகமில்லாத சாமான், முதலில் அதைப் போடுங்கள். இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது என்றால் அடுத்து வெப்ப சென்சார். அதன் ஒயர் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். நம் ஊர் அதிகாலைக்கு 2000 ஓம் வாக்கில் காட்டி, சூடு ஏற ஏறக் குறைந்து, 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் வர வேண்டும். சூடான பிறகும் ஆயிரக்கணக்கில் காட்டினால் அது பொய் சொல்கிறது. அதற்கும் பிறகுதான் ஆக்சிஜன் சென்சார். சூடான இன்ஜினில் அதன் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஓயாமல் மாறிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் மாற்றலாம். ஆனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். இன்ஜின் சூடாகாத வண்டியில் புது ஆக்சிஜன் சென்சார் போட்டாலும் ஈசியூ அதன் பேச்சைக் கேட்காது.

எத்தனாலைப் பற்றி ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷப் பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸுக்கு அது நல்லதல்ல. விரலால் அழுத்தினால் வெடிப்பு தெரிகிற ஹோஸை எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். பழைய டாங்கில் ஒட்டிக்கிடந்த அழுக்கையும் அது இளக்கும். ஆகவே பெட்ரோல் ஃபில்டரும் புதிதாக ஒன்று போடுங்கள்.

கேள்வி: பானட்டைத் திறந்தாலே பெட்ரோல் வாடை. எங்கும் சொட்டவில்லை. ஐடிலிங்கில் கறுப்புப் புகையும் வருகிறது. 2000 மாடல் எஸ்டீம்.
(கடையம்)

பதில்: இதைப் படித்த பிறகு அந்த வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இன்ஜெக்டர் குழாயின் முனையில் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஒன்று வட்டமாக இருக்கும், அதிலிருந்து மெல்லிய வாக்குவம் ஹோஸ் மேனிஃபோல்டுக்குப் போகும். அந்த ஹோஸை உருவி முகர்ந்து பாருங்கள். உள்ளே ஈரமாக பெட்ரோல் இருந்தால் ரெகுலேட்டரின் உள்சவ்வு கிழிந்துவிட்டது, பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் போகிறது. புது ரெகுலேட்டர்தான் வழி, ஒட்டுவேலை கிடையாது. ஹோஸ் காய்ந்திருந்தால் இன்ஜெக்டர் ரப்பர் வளையங்களில் கசிவு தேடுங்கள். கசிவு துளி கீழே விழுமுன் சூட்டில் ஆவியாகிவிடும், அதனால்தான் சொட்டு தெரிவதில்லை.

கேள்வி: அண்ணாச்சி, 2006 ஆல்டோ. உவரி கோவிலுக்குப் போய் மத்தியானம் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு கொஞ்ச நேரம் கழித்து வந்தால் செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் ஆறினால் ஒரே அடியில் ஸ்டார்ட். காலையிலும் தொந்தரவு இல்லை.
(திசையன்விளை)

பதில்: தம்பி, இதற்கு இரண்டு காரணம்தான் உண்டு. எது என்று அங்கேயே, அந்த வெயிலிலேயே கண்டுபிடிக்கலாம். ஸ்டார்ட் ஆகாதபோது சாவியை ஆன் மட்டும் செய்து இரண்டு மூன்று வினாடி காத்திருந்து ஆஃப் செய். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் 'ம்ம்' என்று இரைந்து நிற்கும். இப்படி மூன்று நான்கு தடவை செய்துவிட்டு செல்ஃப் அடி. ஸ்டார்ட் ஆகிவிட்டால் கோளாறு பெட்ரோல் அழுத்தத்தில். ஓடாமல் நிற்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பானட் சூட்டில் அங்கே பெட்ரோல் ஆவியாகி நிற்கிறது. பம்ப்புக்குள் இருக்கும் வால்வு பிடிக்கவில்லை, அல்லது ஏதோ ஒரு இன்ஜெக்டர் ஒழுகுகிறது. கேஜ் மாட்டச் சொல். பல பழைய வண்டிகளில் 2.5-லிருந்து 3 பார் வரை இருக்க வேண்டும், ஆஃப் செய்த பிறகும் சட்டென்று சரியக் கூடாது.

பம்ப்பை எத்தனை தடவை ஓட்டியும் பலனில்லை என்றால் ஒரு பிளக்கை வெளியே எடுத்து தீப்பொறி பார். பொறி இல்லையென்றால், இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் அல்லது கேம் சென்சார் சூட்டில் செத்து ஆறினதும் பிழைக்கிறது. ஆறின பிறகு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் காட்டினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதனால் நீ பார்த்ததை எழுதிக் கொண்டுபோ.

திசையன்விளையிலிருந்து எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. டாங்கில் நூறு ரூபாய்க்கு, இருநூறு ரூபாய்க்கு ஊற்றி ஓட்டாதீர்கள். டாங்குக்குள் இருக்கும் பம்ப்பை ஆற்றுவதே அந்த பெட்ரோல்தான். அந்தத் தேரிக்காட்டுச் செம்மண் தூசிக்கு ஏர் ஃபில்டரையும் புத்தகத்தில் போட்ட கணக்குக்குக் காத்திருக்காமல் மாற்றுங்கள்.

கேள்வி: 2005 வேகன்ஆர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்ணார்பேட்டையில் தெருவில் நின்ற வண்டி. சீட் வரை தண்ணீர். கழுவிக் காயவைத்து ஓட்டுகிறோம். மழைக்காலம் வந்தால் மட்டும் ஐடிலிங்கில் மிஸ் அடிக்கிறது, ஹெட்லைட் போட்டால் இன்னும் மோசம், இன்ஜின் லைட் வந்து வந்து போகிறது. காயில், பிளக் புதிது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஈசியூ போய்விட்டது என்று பழைய ஈசியூ ஒன்றுக்குப் பெரிய தொகை சொல்கிறார்கள்.
(வாசகி, வண்ணார்பேட்டை)

பதில்: தங்கச்சி, பணத்தை எடுக்காதே. ஹெட்லைட் போட்டால் மோசமாகிறது என்று எழுதினாய் பார், அந்த ஒரு வரி போதும். அது எர்த் கோளாறின் கையெழுத்து. தாமிரபரணி தண்ணீர் வடிந்து போனாலும் அதோடு வந்த சேறு கனெக்டருக்குள்ளும் எர்த் ஒயர் போல்ட்டுக்கு அடியிலும் உட்கார்ந்து பச்சை பூத்திருக்கும். சென்சார்கள் எல்லாம் எர்த்தை வைத்துத்தான் அளவு சொல்கின்றன. எர்த் ஆடினால் எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் தப்பாகச் சொல்லும்.

இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போடச் சொல். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனை பேட்டரி மைனஸ் தலையில், மறுமுனை இன்ஜின் இரும்பில். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் எர்த் ஒயரைக் கழற்றி இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து மாட்ட வேண்டும். அதேபோல் பாடிக்கும். பிறகு கனெக்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து கான்டாக்ட் கிளீனர் அடிக்கட்டும். மண்ணெண்ணெய் வேண்டாம். மேப் சென்சார் கனெக்டரில் 5 வோல்ட் வருகிறதா என்றும் பார்க்கட்டும். இவ்வளவும் சரியாக இருந்து, ஈசியூவைத் திறந்து போர்டில் துரு இருப்பதை உன் கண்ணுக்குக் காட்டினால் அப்போது பேசலாம். அப்போதும் முதலில் ரிப்பேர் செய்ய முடியுமா என்று கேள். சாவி லாக் உள்ள மாடலாக இருந்தால் வேறு வண்டியிலிருந்து பிடுங்கி வந்த ஈசியூவுக்கு உன் சாவி சேராது, வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் நிற்கும்.

கேள்வி: ஆனித் தேரோட்டத்தன்று டவுனில் நெரிசல். ஏசி போட்டு ஊர்ந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி ஆஃப். ஈரடுக்குப் பாலத்திலும் அப்படியே நின்று மானம் போனது. ஏசி இல்லாமல் பிரச்சினை இல்லை.
(பேட்டை)

பதில்: ஏசி கம்ப்ரஸர் இழுக்கும்போது ஐடில் மோட்டாரின் வால்வு கூடுதல் காற்று விட வேண்டும். உங்கள் வண்டியில் அது கரி பிடித்து மெதுவாக அசைகிறது. த்ராட்டில் பாடியைக் கழற்றி, பட்டாம்பூச்சித் தகட்டின் ஓரத்தையும் வால்வு உட்காரும் வழியையும் கிளீனர் நனைத்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கத்தி, உப்புத்தாள் கூடாது. மாட்டிய பிறகு ஐடிலிங் சில நேரம் கூடுதலாக நிற்கும், பயப்பட வேண்டாம். கரியோடு ஓடிய கணக்கை ஈசியூ மறக்க வேண்டும். பேட்டரி மைனஸைச் சில நிமிடம் கழற்றி மாட்டி, ஏசி, லைட் எதுவும் போடாமல் ஃபேன் ஓடும் வரை ஐடிலிங்கில் விட்டு, பிறகு ஏசியையும் போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். ரேடியோ கோட் கேட்கும் செட் என்றால் கோடைத் தேடி வைத்துக்கொண்டு பேட்டரியைத் தொடுங்கள்.

கேள்வி: டாங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில் வாங்கலாமா? ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடிக்கிறது.
(ஆலங்குளம்)

பதில்: ஒரு சிலிண்டர் மட்டும் என்றால் பாட்டில் எதற்கு? நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜெக்டரில் வைத்து பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள். நாலும் ஒரே மாதிரி 'டக் டக்' என்று அடிக்க வேண்டும். ஒன்று அடிக்கவில்லையென்றால் அதன் ஓமைப் பாருங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் 12-லிருந்து 16 ஓம் வரும், நாலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓம் சரி, சத்தம் இல்லை என்றால் ஒயர். சத்தம் இருக்கிறது, மிஸ்ஸும் இருக்கிறது என்றால் அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். மிஸ் கூடவே நகர்ந்தால் பிளக். நகராவிட்டால் இன்ஜெக்டரைக் கழற்றி பெஞ்சில் வைத்துச் சுத்தம் செய்யும் இடத்தில் கொடுங்கள். பாட்டில் விற்கிறவர் என் கடைக்கும் வருகிறார், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.